நாலு மணிச் சங்கு

டெரிக் ஐந்தரைக்கு எழுந்தான். நாயை வெளியே விட்டான். காபி மெஷினில் நான்கு கரண்டி தூள் போட்டான். நாய் திரும்பி வந்து கதவைப் பிறாண்டும்வரை அடுப்பின் மேல் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரொட்டியை வாட்டி, வெண்ணெய் தடவி, நின்றபடியே தின்றான். முகம் மழித்தான். நீலச் சட்டை. நேற்றும் நீலச் சட்டைதான். பெரிய அலுமினியப் பாத்திரம் பின்னடுப்பின் மேல் இருந்தது. இரண்டு வருடமாக அங்கேதான் இருக்கிறது. அடுப்பைத் துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைப்பான்.

ஏழு மணிக்கு ஆர்மண்ட் வந்தார். மாமனார். கதவைத் தட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. காலணிச் சேற்றை வாசலில் உதைத்து உதிர்த்துவிட்டு நேராகக் காபிக்குப் போனார். மகள் கோலெட் உயிரோடு இருந்தபோது வாரம் ஒரு தடவை வந்துகொண்டிருந்தவர், அவள் போன பிறகு தினமும் வருகிறார்.

“போறோமா இன்னிக்கு?”

“ரெண்டு மணிக்கு மாமா. இப்ப ஏழு.”

“மணி எனக்குத் தெரியும்டா. பேசப் போறியா?”

“பேர் குடுத்திருக்கேன்.”

“ஆளுக்கு மூணு நிமிஷமாம். என் கல்யாணத்துல பாதிரியார் தும்மி முடிக்கவே அதைவிட அதிகமாச்சு.” காபியை உறிஞ்சினார். “நான் பேசப் போறதில்ல. நான் பேசினா அந்த அணைக் கம்பெனி விட்காம்ப் பய தலையில மைக்கைத் தூக்கிப் போட்டுடுவேன். அதுக்கு மூணு நிமிஷம் வேணாம்.”

அணைக்கு நாற்பது வருடத்துக்கு முன்பு கொடுத்த உரிமம் முடியப் போகிறது. இன்னும் நாற்பது வருடத்துக்குக் கேட்டு மின்சாரக் கம்பெனி விண்ணப்பம் போட்டிருக்கிறது. ஊர் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வாஷிங்டனிலிருந்து ஆணையத்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். கூட்டத்தில் வாயால் சொல்லி, அதைச் சுருக்கெழுத்துக்காரி பதிந்தால்தான் கணக்கு. சமையலறையில் சொல்வது, பாரில் சொல்வது, கல்லறையில் நின்று சொல்வது எதுவும் கோப்பில் ஏறாது.

விண்ணப்பம் ஆயிரத்து இருநூறு பக்கம். டெரிக் நில அளவையாளன், எந்தத் தாளையும் கடைசிப் பக்கம்வரை படித்துப் பழகியவன். ஊரில் அதை முழுக்கப் படித்தவன் அவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்தது அது. ‘சம்பவத்தன்று மாலை நான்கு மணிக்கு எச்சரிக்கைச் சங்கு ஒலித்ததை உள்ளூர்வாசிகள் இருபத்திரண்டு பேர் உறுதி செய்துள்ளனர். இறந்தவரின் கணவரும் அவர்களில் ஒருவர்.’ அடுத்த பக்கத்தில் அவனுடைய கையெழுத்து. எனவே தற்போதுள்ள எச்சரிக்கை முறையே போதும், மாற்றம் எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள்.

அந்தக் கையெழுத்தை அவன் போட்டது கோலெட்டை ஆறு கொண்டுபோன அன்று மாலை ஆறேகாலுக்கு, ஆற்றங்கரையில், போலீஸ்காரரின் கார் மீது தாளை வைத்து. “நாலு மணிச் சங்கு கேட்டுச்சா?” என்று அவர் கேட்டார். “கேட்டுச்சு” என்றான். ஏன் கேட்காது? பிறந்ததிலிருந்து தினமும் கேட்கிற சங்கு. ஊரே அதை வைத்துத்தான் நடக்கிறது. சங்கு ஊதினால் பேக்கரியில் ரொட்டி பாதி விலை. பள்ளிக்கூட பஸ் திரும்பும். ஆர்மண்ட் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். ஆற்றில் நிற்பவர்கள் கரையேறுவார்கள். கால் மணி கழித்து மதகு திறக்கும், முழங்கால் ஆழத்தில் கிடந்த ஆறு ஆளுயரத்துக்கு எழும்பும். இந்த ஊரில் யாரும் ஆற்றங்கரைக்குக் கடிகாரம் கட்டிக்கொண்டு போவதில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்புவரை அந்தச் சங்கை ஊதியவர் ஆர்மண்ட்தான். மின்நிலையத்து ஜன்னலைத் திறந்து, ஆற்றின் நடுவே இருக்கும் திட்டில் யாராவது நிற்கிறார்களா என்று தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார். யாராவது நின்றால் அவர்கள் கரையேறும்வரை மதகு காத்திருக்கும். பிறகு கம்பெனி அந்த வேலையையே எடுத்துவிட்டது. இப்போது இருநூறு மைல் தள்ளி ஓர் அறையிலிருந்து யாரோ அழுத்துகிறார்கள். ‘சமிக்ஞை அனுப்பப்பட்டது’ என்று அங்கே பதிவாகும். இங்கே சங்கு ஊதியதா இல்லையா என்பது எங்கேயும் பதிவாகாது.

கோலெட் மே மாதத்தில் பெரணிக் குருத்து பறிக்கத் திட்டுக்குப் போவாள். இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் போவார்கள். சுருண்ட பச்சைக் குருத்து, நன்றாகக் கொதிக்க வைத்துத் தண்ணீரை இறுத்துவிட்டுத்தான் தின்ன வேண்டும். அவளைப் பற்றி ஊர் ஒன்றே ஒன்றுதான் சொன்னது. சங்கு கேட்டும் வராதவள். நாலு குருத்துக்கு ஆசைப்பட்டு நின்றவள். ஆர்மண்ட் அதைச் சொல்லவில்லை. அடக்கத்தன்று மட்டும், யாரிடமும் இல்லாமல், “ஊதினா ஓடி வந்துடணும்னு அஞ்சு வயசுலயே சொல்லிக் குடுத்தேனே” என்றார். டெரிக் பக்கத்தில் நின்றிருந்தான். அவனிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. சொல்வதற்கு, தான் போட்ட கையெழுத்து பொய் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்.

போன மாதம் விட்காம்ப் வீட்டுக்கு வந்திருந்தார். கம்பெனியின் உரிம வேலைகளைப் பார்ப்பவர். நல்ல கம்பளிச் சட்டை, மெதுவான குரல். புதிய உரிமத்தோடு ஆற்றங்கரையில் ஒரு படித்துறை கட்டப் போகிறோம், அதற்குக் கோலெட் பெயர் வைக்கிறோம், ஒரு பெஞ்சு, ஒரு பித்தளைத் தகடு என்று வரைபடத்தை மேஜையில் விரித்தார்.

“பேர் சரியா எழுதியிருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மிஸ்டர் மிஷோ.”

டெரிக் பார்த்தான். “பேர் சரியா இருக்கு. பெஞ்சுதான் தப்பு.”

“ஏன்?”

“நீங்க வரைஞ்ச மட்டத்துல தினமும் நாலேகாலுக்கு அது தண்ணிக்குள்ள இருக்கும்.”

விட்காம்ப் சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச் சிரிக்காமல் வரைபடத்தைச் சுருட்டினார்.

கூட்டம் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில். வாசல் கண்ணாடியில் ஐந்து அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. கார் நிறுத்தும் இடம், பேசுவோர் விதிகள், கழிப்பறைக்கு வழி. ஆர்மண்ட் மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார், நேராக உள்ளே போனார். எல்லோரும் அப்படித்தான் போனார்கள். டெரிக் நின்று ஐந்தையும் படித்தான். ஐந்தாவதை இரண்டு தடவை படித்தான். பேசுவதற்காக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்த தாளை எடுத்து, மடித்து, குப்பைக் கூடையில் போட்டான்.

உள்ளே அணை வேண்டாம் என்கிறவர்கள் நீளமாக ஒரு துணி கட்டியிருந்தார்கள். ‘ஆற்றை ஓட விடுங்கள் – கோலெட்.’ துணிக்குக் கீழே உட்கார்ந்திருந்த பெண்ணிடம் போனான்.

“இதை அவ சொல்லல.”

“சொல்லியிருப்பா டெரிக். எங்க எல்லாருக்கும் தெரியும்.”

“சொல்லல” என்றான். “பேரைக் கிழிச்சுடுங்க. மத்தது இருக்கட்டும்.”

அவள் முகம் சிவந்தது. சிறிது நேரம் கழித்து அவன் திரும்பிப் பார்த்தபோது பெயர் மேல் ஒரு மேலங்கி தொங்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தெட்டுப் பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். ஒருவர் வரி பற்றிப் பேசினார். ஒருவர் சால்மன் மீன் பற்றிப் பேசினார். படகு விடுகிற ஒருவன் மூன்று நிமிடத்தில் இரண்டை ஆணையத்துக்கு நன்றி சொல்லியே தீர்த்தான். சுருக்கெழுத்துக்காரி வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். ஒவ்வொருவரிடமும் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அரங்கில் சூடு அதிகம். கூடைப்பந்து வளையத்துக்கு மேல் கம்பிக் கூண்டுக்குள் கடிகாரம் இருந்தது. டெரிக் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான்கு மணி. அவன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டான். சூடேற்றியின் விசிறிச் சத்தம், யாரோ இருமுவது, மைக்கில் ஒரு முதியவர் குரல். அவ்வளவுதான். முன்வரிசையில் ஒரு பெண் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் எழுந்து போனாள். பேக்கரிக்காரர் தன் ஆளுக்குப் போனில் ஏதோ தட்டினார். பக்கத்தில் ஆர்மண்ட் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். எட்டுச் சுற்று. எப்போதும் எட்டுதான்.

நாலு இருபதுக்கு அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னான். மேஜை மேல் நேரம் காட்டுவதற்கு இருந்த சிறிய விளக்கு பச்சையானது.

“முதல்ல ஒரு கேள்வி” என்றான். சபையைப் பார்த்துத் திரும்பினான். “இன்னிக்கு நாலு மணிச் சங்கு கேட்டவங்க கை தூக்குங்க.”

விட்காம்ப் எழுந்தார். “இது கருத்துச் சொல்ற கூட்டம். ஓட்டெடுப்பு இல்ல.”

ஆணையத்து அதிகாரி இளம்பெண். விதிப் புத்தகத்தைப் பார்த்தாள். “அவர் நேரம். அவர் என்ன வேணா பண்ணலாம்.”

சிலர் சிரித்தார்கள். இதென்ன கேள்வி என்பதுபோல் கைகள் உயர்ந்தன. டெரிக் வரிசை வரிசையாக எண்ணினான்.

“கை தூக்கினா எனக்குப் பதிவாகாது” என்றாள் சுருக்கெழுத்துக்காரி. “வாயால சொல்லுங்க.”

“எண்பத்து மூணு கை” என்றான். “அதுல ஒண்ணு என் மாமனார் ஆர்மண்ட் தீபோவோடது. இருபத்தாறு வருஷம் அந்தச் சங்கை ஊதினவர்.”

ஆர்மண்டின் கை இன்னும் மேலேதான் இருந்தது.

“வாசல்ல கம்பெனி ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கு. படிக்கிறேன்.” உள்ளே வரும்போது போனில் எடுத்த படத்தைப் பார்த்துப் படித்தான். “இன்று அதிகாரிகள் அணையைப் பார்வையிடுவதால் மாலை நீர்த்திறப்பு இல்லை. நான்கு மணிக்குச் சங்கு ஒலிக்காது.”

யாரோ எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்கள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஆர்மண்ட் தன் கையை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து கடிகாரத்தைப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார்.

“உங்களைப் பொய்யருன்னு சொல்லல” என்றான் டெரிக். “நானும் கேட்டேன்னுதான் அன்னிக்கு எழுதிக் குடுத்தேன். அறுநூத்திப் பன்னெண்டாம் பக்கம். அந்தக் கையெழுத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். அன்னிக்குச் சங்கு ஊதல. ஊதலன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். ஏன்னா அவ எனக்கு போன் பண்ணினா. போன் கம்பெனிப் பதிவுல நாலு ஏழுன்னு இருக்கு. அடுப்புக் கடிகாரத்துக்கு முன்னாலதான் நின்னுட்டிருந்தேன். அதுவும் நாலு ஏழுதான் காட்டுச்சு. அவ சொன்னதைக் கேட்டேன். சரின்னேன். போனை வச்சேன்.”

விளக்கு மஞ்சளாகியிருந்தது.

“பெஞ்சு வேணாம். அந்த ஜன்னல்ல ஒரு ஆள் வேணும். திட்டைக் கண்ணால பார்த்துட்டு ஊதற ஆள். அது இல்லாம நாப்பது வருஷம் இல்ல, நாப்பது நாள்கூட நான் ஒத்துக்க மாட்டேன். நீங்க குடுத்தா ஒவ்வொரு வருஷமும் வந்து இதையே சொல்வேன்.”

விளக்கு சிவந்தது.

“நேரம் முடிஞ்சுது” என்றாள் அதிகாரி. சொல்வதற்கே அவளுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்தது. விட்காம்ப் ஏற்கெனவே அடுத்த பெயரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என் மூணு நிமிஷத்தை அவனுக்குக் குடுக்கறேன்.”

ஆர்மண்ட் எழுந்து நின்றார். ஒரு கையால் முன்னிருக்கையின் முதுகைப் பிடித்திருந்தார்.

“நீங்க பேர் குடுக்கலையே ஐயா” என்றாள் அதிகாரி.

“இப்ப குடுக்கறேன். ஆர்மண்ட் தீபோ. எழுத்து எழுத்தா வேணுமா? அதுக்கே மூணு நிமிஷம் ஆகும், பரவாயில்லையா?” பிறகு அவளை விட்டுவிட்டு டெரிக்கைப் பார்த்தார். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் காபிக் கோப்பைக்கு மேலாகப் பார்த்த அதே கண்கள். “அவ என்னடா சொன்னா?”

விளக்கு மறுபடி பச்சையானது.

டெரிக் மைக்கிடமிருந்து விலகி அவரிடம் சொல்லப் போனான்.

“மைக்கில சொல்லுங்க” என்றாள் சுருக்கெழுத்துக்காரி. அவள் விரல்கள் பொறிமேல் தயாராக இருந்தன. “அவங்க சொன்னது சொன்னபடி. நீங்க ஒண்ணும் சேர்க்க வேணாம். நானும் எதையும் விட மாட்டேன்.”

அவன் மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினான். அன்று அந்தப் பாத்திரத்தை அவன் அடுப்பில் வைத்தான். அது கொதித்தது, பாதியாக வற்றியது, அடிபிடித்து மணம் வந்தது. வெளியே ஏதோ வண்டிகளின் சத்தம் கேட்கும்வரை அவன் அதன் முன்னாலேயே நின்றிருந்தான். அதையெல்லாம் சொல்லவில்லை. அவள் சொன்னதை மட்டும், அவள் சொன்ன வேகத்திலேயே சொன்னான்.

“சங்கு இன்னும் ஊதல, நேரம் இருக்கு. இன்னும் ஒரு பை பறிச்சுட்டு வந்துடறேன். நீ தண்ணிய கொதிக்க வை.”