702ஆம் எண் வீடு

"பெல்ட்டியே ஐயாவைப் பார்க்க நாலு மாசமா யாருமே வரலையாமே?" என்று ஆலய அலுவலகத்திலிருந்து ஜெர்ட்டி போனில் கேட்டபோது லொரெய்னுக்குச் சிரிப்புதான் வந்தது.

"எவ சொன்னா? நேத்துகூட நற்கருணை அப்பம் கொடுத்துட்டு, அவரோட சீட்டாடித் தோத்துட்டு வந்தேன்."

"அவர் மக கல்கரியிலேர்ந்து கத்துறா. அப்பா படுத்த படுக்கையாம்."

லொரெய்னின் சிரிப்பு அடங்கியது. அவள் பார்க்கிற பெல்ட்டியே தானே எழுந்துவந்து கதவைத் திறப்பவர்.

"வீட்டு நம்பர் என்ன ஜெர்ட்டி?"

"எழுநூத்தி ரெண்டு."

நற்கருணை கொண்டுபோக வேண்டிய நோயாளிகள் பட்டியலில் ஃபாதர் கிறுக்கியிருந்த 7ஐ அவள் 1 என்று படித்திருக்கிறாள். நவம்பரிலிருந்து ஒவ்வொரு புதனும் 102இன் கதவைத்தான் தட்டியிருக்கிறாள். சட்பரியில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஒரு பிள்ளையைக்கூட வீடு மாற்றி இறக்கிவிட்டதில்லை.

அதே கட்டடத்தின் ஏழாவது மாடியில் தாதி கதவைத் திறந்தாள். மூக்கில் குழாயோடு கிடந்தவர் தலையைத் திருப்பினார்.

"ஆலயத்திலேர்ந்தா? உயிரோட இருக்கேனான்னு பார்க்க வந்தீங்களாக்கும். கிறிஸ்துமஸுக்கு நல்ல சட்டை போட்டு உட்கார வெச்சாங்க. இருட்டுற வரைக்கும் உங்களுக்காக உட்கார்ந்திருந்தேன்."

நடந்ததை அவள் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். கிழவர் அவளையே வெறித்துப் பார்த்தார்.

"அப்போ எனக்கு அப்பத்துல வரவேண்டிய ஆண்டவரை எவனோ வாங்கிக்கிட்டான்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே 102இல் கதவு திறந்ததும் அந்த மனிதர் முகம் மலர்ந்தது. "இன்னைக்கு வியாழனாச்சே!"

"உங்க பேர் என்ன?"

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "ஆர்வில் ஹேங்க்ஸ்."

"பெல்ட்டியேவான்னு கேட்டப்போ தலையாட்டினீங்களே! ஏன்யா சொல்லலை?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். நீங்க பூட்ஸைக் கழட்டிக்கிட்டே, 'இந்த வாரம் எப்படி இருந்தீங்க'ன்னு கேட்டுட்டீங்க. என் வீட்டுக்காரி மில்லி தவறிப்போனதிலேர்ந்து என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை."

"நற்கருணைகூட வாங்கினீங்களே!"

அவர் உள்ளே போய், இருமல் மிட்டாய் வந்த ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். காகிதக் கைக்குட்டையின்மேல் அப்பங்கள், வெள்ளை வெளேரென்று, ஒன்றன்மேல் ஒன்றாக. பதினைந்துக்குக் குறையாது.

லொரெய்ன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

"நான் ஞானஸ்நானமே வாங்காதவன்மா. அதைத் தின்ன மனசு வரலை. தூக்கிப்போடவும் பயமா இருந்துச்சு. நீங்க கண்ணை மூடி ஜெபிக்கிறப்போ எடுத்து வெச்சிடுவேன்."

அவரைத் திட்ட வேண்டுமா, அவர் முன்னால் மண்டியிட வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டே காரோட்டிப் போனாள். ஃபாதர் அதைத் திறந்து பார்த்தார், பட்டியலையும் பார்த்தார். பிறகு மேலங்கியை எடுத்துக்கொண்டு 702க்கு அவரே கிளம்பினார்.

அடுத்த புதன் லொரெய்ன் முதலில் மேலே போனாள். பெல்ட்டியே வாய் திறந்து அப்பத்தை வாங்கிக்கொண்டார்; ஆனால் கண்ணை மூடவில்லை. அவள் கிளம்பிவிடுவாளோ என்று பார்த்துக்கொண்டே மென்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை. சாப்பாட்டு நேரம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் கீழே இறங்கி, நற்கருணை இல்லாமல் வெறுங்கையோடு 102இன் கதவைத் தட்டினாள்.

"ஆர்வில், நான்தான். இந்த வாரம் எப்படி இருந்தீங்க?"

கதவு திறந்தது; ஆர்வில் கையில் சீட்டுக்கட்டு இருந்தது.