ஆற்றுக்கு ஒரு மெமோ

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இடது கண்மேல் ஆணை. வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்தாயிற்று. அது வேறு யாரோ தயாரித்த பொருள். அதன்மேல் சத்தியம் செய்ய எனக்கு உரிமை இல்லை.

நான் நில அளவைத் துறையில் முப்பத்து நான்கு வருஷம் வரைபடம் வரைந்தவன். அந்த நாளில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு வரைபடம் உண்டு. ஒவ்வொரு வரைபடத்துக்கும் ஒரு பீரோ, ஒவ்வொரு பீரோவுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவியை வைத்திருப்பவர் எப்போதும் லீவில் இருப்பார். ஒரு துறையின் படத்தை இன்னொரு துறை கேட்பது, அடுத்த வீட்டுக் குளியலறையை எட்டிப் பார்ப்பதுபோல. பாலம் எங்கே இருக்கிறது என்று நீர்த்துறைக்குத் தெரியாது. ஆறு எங்கே ஓடுகிறது என்று பாலத்துறைக்குத் தெரியாது. நாடு நிம்மதியாக இருந்தது.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து அந்த உத்தரவு வந்தது. நாட்டிலுள்ள எல்லாத் துறைகளும் தங்கள் வரைபடங்களை ஒரே இடத்தில் கொண்டுவந்து போட வேண்டும். கண்ணாடித் தாளை அடுக்குவதுபோல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பொது வரைபடம் ஆக்க வேண்டும். யாரும் யாருடைய படத்தையும் பார்க்கலாம். பார்த்து, அதன்படி நடக்க வேண்டும். இந்தக் கடைசி மூன்று வார்த்தைகள்தாம் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

இந்த வேலைக்கு எங்கள் இயக்குநரையே தலைவராகப் போட்டார்கள். அவரை நாங்கள் புள்ளி சார் என்போம். பெரிய புள்ளி என்பதால் அல்ல. தசமப் புள்ளி வைக்காமல் அவரால் எதையும் சொல்ல முடியாது. குழந்தைகள் எத்தனை என்று கேட்டால் "ரெண்டு புள்ளி பூஜ்யம்" என்பார்.

படங்களைச் சேர்த்த நாளன்று சுவரை அடைத்துப் பெரிய திரை. முதலில் நிலத்தைப் போட்டோம், அழகாக உட்கார்ந்தது. வீடுகளைப் போட்டோம். சாலைகளையும் பாலங்களையும் போட்டோம். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நீர்த்துறையின் ஆற்றைப் போட்டோம். அது பாலத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், கிழக்கே தள்ளிப் போய், ஒரு தெருவின் கடைசி வீட்டுக்குள் வாசல் வழியாக நுழைந்து, சமையலறையைத் தாண்டி வெளியே ஓடியது.

அந்த வீட்டை எனக்குத் தெரியும். என் அக்கா வீடு.

அக்காவுக்கு வாழ்க்கையில் வேண்டியதெல்லாம் சமையலறையில் ஒரு தண்ணீர்க் குழாய். வீடு மேட்டில் இருக்கிறது. தெருமுனைக் குழாயிலிருந்து ஒரு நாளைக்குப் பதினோரு வாளி சுமந்தாள். முழங்கால் இரண்டும் அவளோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி வருஷம் ஆகிவிட்டது. குழாய் கேட்டு மூன்று மனு போட்டு, மூன்றும் பரிசீலனையில் இருந்தன. பொது வரைபடம் வந்த அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"படிடா."

படித்தேன். "பார்வையில் கண்ட மனுக்கள் பொது வரைபடத்துடன் ஒப்பிடப்பட்டன. மனுதாரரின் சமையலறை ஆற்றின் நடுவே அமைந்துள்ளபடியால், அவருக்குத் தண்ணீர்க் குழாய் தேவையில்லை என முடிவு செய்யப்பட்டுக் கோப்பு மூடப்படுகிறது."

"இந்தப் படத்தையெல்லாம் ஒண்ணா சேர்த்தது நீதானே?"

"சேர்த்தது அரசாங்கம்க்கா. நான் சும்மா ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டேன்."

"சின்ன வயசுலயும் இதையேதான் சொல்லுவே. ஜன்னல் கண்ணாடி உடைஞ்சப்பவும் ஓரத்தைத்தான் பிடிச்சிருந்தே."

கோப்பு மூடியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மற்றத் துறைகளும் பொது வரைபடத்தைப் பார்த்தன. பார்த்து, அதன்படி நடந்தன. படகுத் துறை இரண்டு மிதவைச் சட்டைகளைக் கொடுத்து, சமையல் செய்யும்போது கட்டாயம் அணிய வேண்டும் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டது. வெள்ளத் தடுப்புக்காரர்கள் தூறல் விழுந்தபோதெல்லாம் வந்து அக்காவைக் கயிறு கட்டி மீட்டார்கள். மூன்றாம் தடவை அவள், அடுப்பில் பால் இருக்கிறது, பொங்கியதும் மீட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அவர்களும் காத்திருந்தார்கள்.

மீன்வளத் துறை என் அத்தான் பேருக்கு மீன்பிடி உரிமம் அனுப்பியது. அத்தான் எதையும் வீணாக்க மாட்டார். கூடத்தில் நாற்காலி போட்டு, மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏதாவது மாட்டிச்சா அத்தான்?"

"சத்தம் போடாதே மச்சான். இப்பதான் ஒண்ணு கிட்ட வந்துச்சு."

மாதக் கடைசியில் மீன்வள அதிகாரி கணக்கெடுக்க வந்தார். அத்தான் 'இல்லை' என்று எழுதியதைப் பார்த்து அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்படி எழுதாதீங்க ஐயா. மீன் இல்லைன்னா ஆறு செத்துப்போச்சுன்னு அர்த்தம். சுற்றுச்சூழல் துறை வந்து உங்க வீட்டுக்கு சீல் வச்சிடும்."

"அப்ப ரெண்டுன்னு போடட்டுமா?"

"ரெண்டுன்னா தப்பில்லை. பெருசா, சிறுசா?"

"ஒண்ணு பெருசு. ஒண்ணு கைநழுவிப் போச்சு."

இதற்குமேல் தாங்காது என்று புள்ளி சார் கூட்டம் போட்டார். நீர்த்துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். பாலத்துறையிலிருந்து மீசை வைத்த ஒருவர் வந்தார். நீர்த்துறை அம்மாள் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"எங்க அளவெல்லாம் எங்க ஆபீஸ் கொடிக்கம்பத்துலேருந்துதான் ஆரம்பிக்கும். சைக்கிள் ஷெட் கட்டணும்னு கம்பத்தை நகர்த்திட்டாங்க. நகர்த்தினதை யாரும் படத்துக்குச் சொல்லலை."

"நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு மீட்டர்," என்றார் புள்ளி சார், காதலியின் பேரைச் சொல்வதுபோல.

"அப்ப ஆத்தை மட்டும் திருப்பி வரைஞ்சிடலாமே," என்றேன்.

"நாட்டுல உள்ள நாலாயிரத்து முந்நூறு ஆறும் அந்தக் கம்பத்துலேருந்து அளந்ததுதான். அத்தனையும் வரைய நீங்க வர்றீங்களா?" என்றார் நீர்த்துறை அம்மாள்.

நான் என் பேனா மூடியைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தேன்.

"அப்படின்னா ஆறுதான் நகரணும்," என்றார் மீசைக்காரர். "எங்க பாலம் நகராது. கான்கிரீட்."

"ஆறு எப்படிங்க நகரும்? உங்க பாலத்தைவிட அது சீனியர்."

"எத்தனை வருஷ சர்வீஸ்?"

"ஒரு ரெண்டாயிரம் இருக்கும்."

"ரிட்டயர் ஆகுற வயசு தாண்டிடுச்சே. இன்னும் எப்படி வேலையில வச்சிருக்கீங்க?"

நீர்த்துறை அம்மாள் எழுந்து நின்றுவிட்டார். மீசைக்காரரும் எழுந்தார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. அக்கா காலி வாளியோடு உள்ளே வந்து, அதை மேஜையின் நடுவில், வரைபடத்தின் மேலேயே வைத்தாள்.

"ஒரு மணி நேரமா வெளியில நின்னு கேட்டுக்கிட்டிருக்கேன். ஆறு எங்க இருக்கணும்னு எல்லாரும் பேசறீங்க. ஆத்துக்கிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

நின்றிருந்த இருவரும் உட்கார்ந்தார்கள்.

"லெட்டர் போடுங்க. எனக்கு மட்டும்தான் போடத் தெரியுமா உங்களுக்கு?"

புள்ளி சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "விதிகள்ல இதுக்குத் தடை எதுவும் இல்லை," என்றார்.

மெமோவை நான்தான் எழுதினேன். "தாங்கள் பொது வரைபடத்தில் காட்டப்பட்டுள்ள இடத்தை விட்டு 41.6 மீட்டர் மேற்கே அனுமதியின்றி ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்துள்ளது. இம்மெமோ கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் உரிய இடத்தில் பணியில் சேருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். நகல்: நாட்டிலுள்ள மற்ற 4,299 ஆறுகளுக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்."

கரையில் நின்று உரக்கப் படித்தேன். ஒரு பிரதியைத் தண்ணீரில் விட்டேன், வாங்கிக்கொண்டது. இன்னொரு பிரதியை நீட்டினேன். ஒரு சின்ன அலை வந்து அடியில் ஈரம் பண்ணிவிட்டுப் போனது. அதைக் கையொப்பமாக ஏற்றுக் கோப்பில் வைத்தோம்.

பதினான்கு நாள் ஒரு சலனமும் இல்லை. பதினைந்தாம் நாள் காலை நாங்கள் எல்லோரும் கரையில் நின்றோம். பத்து மணிக்கு ஒன்றும் நடக்கவில்லை. அரசாங்கத்தோடு சேர்ந்த எதுவும் பத்து மணிக்கு நடக்காது. பத்தேகாலுக்கு ஆறு எழுந்தது.

புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல இரண்டு கரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, முதுகு ஒரு தடவை சொடுக்குப் போட, கிழக்கே நடந்தது. பின்னால் மீன்கள் வரிசையாக, சிறிசுகள் முன்னால், பெரிசுகள் பின்னால். அத்தான் உரிமத்தை நெஞ்சில் குத்திக்கொண்டு எண்ணினார். பதினேழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. கைநழுவிப் போன அந்த ஒன்றையும் அடையாளம் கண்டுகொண்டதாகச் சொன்னார். புள்ளி சார் அளவு நாடாவைப் பிடித்தபடி ஆற்றோடு சேர்ந்து ஓடினார். "முப்பத்தொம்பது புள்ளி ஒண்ணு... நாப்பது புள்ளி எட்டு... கொஞ்சம் மெதுவா, கொஞ்சம் மெதுவா..."

சரியாக அக்கா வீட்டு வாசற்படியில் ஆறு நின்றது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் நின்றது, சொல்லாமல் உள்ளே வரும் வழக்கம் அதற்கு இல்லை. அக்கா நிலைப்படியில் இடுப்பில் கை வைத்தபடி அதை மேலும் கீழும் பார்த்தாள். எவ்வளவோ தூரம் சேற்றில் நடந்து வந்திருக்கிறது.

"கால் கழுவிட்டு உள்ள வா," என்றாள்.

ரெண்டாயிரம் வருஷ சர்வீஸில் அதனிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. ஆறு குனிந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டது. எதை எடுத்து எதைக் கழுவுவது என்று அதற்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றது. பிறகு தன்னிலேயே ஆகச் சுத்தமான பகுதியை, கட்டை விரல் பருமனுக்கு, தனியே பிரித்து உள்ளே அனுப்பியது. மிச்சமெல்லாம் இரண்டாகப் பிரிந்து வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. உள்ளே போனது சமையலறைச் சுவரைத் துளைத்துக்கொண்டு, அக்கா வாளி வைக்கும் இடத்துக்கு நேர் மேலே வந்து எட்டிப் பார்த்தது.

"வாளியை வைங்க அத்தான்," என்று கத்தினேன். அவர் மிதவைச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்காவே வைத்தாள். வாளி நிறைந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, முழங்கால்களை நீட்டி, இரண்டையும் தடவிக் கொடுத்தாள். வாளி நிறைந்து வழிந்துகொண்டே இருந்தது. நிறுத்தச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

அன்று காலை அதே பத்தேகாலுக்கு நாட்டின் மற்ற 4,299 ஆறுகளும் நகர்ந்து உட்கார்ந்தன. அங்கெல்லாம் எல்லோரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை. பாலம் படத்தில் உள்ளபடியே வெறும் மணலின்மேல் நின்றது. "பார்த்தீங்களா, எங்க பாலம் நகரலை," என்றார் மீசைக்காரர். படமும் நிலமும் ஒன்றாகிவிட்டன. "பிழை, பூஜ்யம் புள்ளி பூஜ்யம்," என்று சொல்லிப் புள்ளி சார் அளவு நாடாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நம்பாதவர்கள் பொது வரைபடத்தைத் திறந்து பார்க்கலாம். இப்போது அது எல்லோருக்கும் பொது, சாவி கேட்க வேண்டியதில்லை. அக்கா சமையலறை வழியாக ஆறு போவது தெளிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டால் இடது கண் உறுத்தும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது.