போஸ்டர் டாக்டரம்மா

அந்தப் போஸ்டரில் வெள்ளைக் கோட்டுடன் நிற்பவள் டாக்டர் இல்லை, விஞ்ஞானியும் இல்லை. மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பதினாலு வருஷமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற ஒரு அம்மா. இது தெரிந்தவர்கள் ஊரில் கொஞ்சம் பேர். அதில் ஒருத்தி அவள் பெற்ற மகள். சிக்கலே அங்கேதான்.

அந்த நகரத்தில் அவர்கள் இனத்தார் சிறுபான்மை. எண்ணிப் பார்த்தால் முந்நூறு குடும்பம் தேறாது. அந்தப் பிள்ளைகளும் அறிவியல், மருத்துவம் படிக்க வரட்டும் என்று கல்லூரிக்குத் திடீரென்று அக்கறை பிறந்தது. பிறந்தவரைக்கும் நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. இரண்டு வருஷம் இலவசப் பயிற்சி, தேறினால் அங்கேயே படிக்க இடம். விளம்பரத்துக்கு அந்த இனத்தில் ஒரு முகம் வேண்டியிருந்தது. ஐந்து மாடியும் ஏறி இறங்கித் தேடினார்கள். மாணவர்களில் ஒருவர்கூட இல்லை. டாக்டர்களில் இல்லை. கடைசியில் அடித்தளத்தில், கழுவும் அறையில், முழங்கை வரை ரப்பர் உறையோடு அம்மா இருந்தாள்.

யாருடைய கோட்டையோ வாங்கி அவளுக்கு மாட்டினார்கள். ஒரு சோதனைக் குழாயைக் கையில் கொடுத்து, எதையாவது பாருங்கள் என்றார் படம் பிடிக்க வந்தவர். அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கினாள். அச்சு அசல் விஞ்ஞானி என்று மனிதர் பூரித்துப் போனார். ‘உங்களாலும் முடியும்’ என்று கீழே போட்டுப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஒட்டியும் விட்டார்கள்.

தெருவில் அவளுக்கு ‘டாக்டரம்மா’ என்று பேர் விழுந்தது. பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டு வந்தாள், பாதி கேலியாக, பாதி நிஜமாகவே. அம்மா சிரித்து மழுப்பினாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

மகளுக்கோ அந்தப் படத்தைக் கண்டாலே ஆகவில்லை. எறும்பு ஏன் வரிசையாகப் போகிறது, பல்லியின் அறுந்த வால் ஏன் துடிக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே வீட்டில் எல்லாருடைய உயிரையும் வாங்கியவள் அவள். அந்தப் பயிற்சிக்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. விண்ணப்பத்தைக்கூட நிரப்பிவிட்டாள். ‘உங்களைத் தூண்டியவர் யார்?’ என்ற ஒரு வரியை மட்டும் காலியாக விட்டு, கொடுக்க மாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றாள். கடைசி நாளும் வந்துவிட்டது. நாலு மணிக்கு அலுவலகம் மூடிவிடும். விண்ணப்பத்தோடு நேரே கழுவும் அறைக்கு வா என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்ததால், மூன்றேகாலுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

அம்மா கெஞ்சவில்லை. ஏன் மாட்டேன் என்கிறாய் என்று மட்டும் கேட்டாள்.

"இவ்வளவு பெரிய கட்டடத்துல நம்ம ஆளு ஒருத்தர்கூட இல்லம்மா. இருந்திருந்தா உனக்கு எதுக்குக் கோட்டு மாட்டுறாங்க? மத்த பிள்ளைங்க அந்தப் படத்தை நம்பி வருவாங்க. எனக்குத்தான் அது பொய்னு தெரியுமே."

அம்மாவுக்குச் சுருக்கென்றது. தொட்டிப் பக்கம் திரும்பி ஒரு பீக்கரை அலசினாள். வழக்கம்போல வெளிச்சத்துக்கு நேரே சாய்த்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கினாள். போஸ்டரில் நிற்கிற மாதிரியே நிற்கிறாயே என்றாள் மகள்.

"கோட்டு என்னோடது இல்ல. கீழ போட்டது அவங்க எழுத்து. ஆனா நான் பார்த்தது நடிப்பு இல்லடி. குழாய் சுத்தமா இருக்கான்னு பார்த்தேன். அழுக்கா இருந்துச்சு. அவ்வளவு பேருக்கு முன்னால அதை எப்படிச் சொல்றது?"

மகளுக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்தது. அழுக்கு என்று எப்படித் தெரியும் என்று கேட்டாள். அம்மா இரண்டு பீக்கரில் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றில் தண்ணீர் ஒரே படலமாக வழிந்தது. இன்னொன்றில் முத்து முத்தாக நின்றது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் பளபளத்தன. மகள் இரண்டையும் பிடுங்கித் தானே ஊற்றிப் பார்த்தாள். மறுபடியும் ஊற்றினாள். முத்தாக நின்றதில் பிசுக்கு இருக்கும், அது சரி, சுத்தமான கண்ணாடியோடு தண்ணீர் ஏன் இப்படி ஒட்டிக்கொள்கிறது என்றாள்.

"அது எனக்குத் தெரியாது. வந்த நாள்லேர்ந்து கேக்கணும்னுதான் இருக்கேன். இங்க இருக்கற எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கழுவுறவளுக்கு இது எதுக்குன்னு நினைச்சிடுவாங்களோன்னு வாயைத் திறக்கல."

பதினாலு வருஷம் ஒரு கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருப்பது எப்படி என்று மகளுக்குப் புரியவே இல்லை. அவளால் ஒரு நாள்கூட முடியாது. ஈர மேசையில் ஒரு மூலையைத் துடைத்து, விண்ணப்பத்தை வைத்து, காலியாக இருந்த வரியில் எழுதினாள்: ‘என் அம்மா. போஸ்டரில் இருப்பவர். இங்கே கண்ணாடி கழுவுகிறார்.’

இருவரும் மாடியேறி ஓடினார்கள். அலுவலகத்தில் எழுத்தர் அந்த வரியைப் படித்தார், சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார், ரப்பர் உறையைக்கூடக் கழற்றாமல் மூச்சு வாங்க நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"அப்ப உங்க ஆளுங்கள்ல டாக்டர் யாருதான் இருக்காங்க?"

"இப்போதைக்கு யாரும் இல்லைங்க," என்றாள் மகள். "அதுக்குத்தான் இந்த விண்ணப்பம்."

அவர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

படியிறங்கும்போது அம்மா மகளின் தோளைத் தொட்டாள். முதல் நாளே அந்தத் தண்ணீர் விஷயத்தைக் கேட்டுவிடு, மறந்துவிடாதே என்றாள். சேர்ந்த பிறகு மெதுவாகக் கேட்கலாமே என்றாள் மகள். மெதுவாகவெல்லாம் முடியாது, சாயங்காலமே வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்றாள் அம்மா.