சாப்பிட்டீகளா?

"சாப்பிட்டீகளா?" என்று என் புருசன் என்னைப் பார்த்துக் கேட்டதும் வார்டே சந்தோசப்பட்டது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருக்கும் பாலம்மாள் அக்கா, "பாத்தியா, பேச்சு வந்துருச்சு! எம்புட்டு மரியாதை!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுசன் எனக்கு ஒரு 'க' போட்டுப் பேசியதில்லை. "ஏ புள்ள, கஞ்சி குடிச்சியா?" அவ்வளவுதான். 'க' போடுவது வெளியாளுக்கு.

பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்குத் தலையில் அடி என்றால் எல்லோரும் வெடிவிபத்தா என்றுதான் கேட்கிறார்கள். அதெல்லாம் இல்லை. தீபாவளிச் சீசன் நேரம், நாரணாபுரத்தில் லோடு லாரி மேல் நின்று தார்ப்பாய் கட்டியவர், கயிறு அறுந்து கீழே விழுந்தார். ரொம்ப நாள் கண் திறக்கவில்லை. டாக்டரம்மா தினமும் வந்து கண்ணில் லைட் அடிப்பார், விரல்முட்டியால் நெஞ்சில் அழுத்தித் தேய்ப்பார், "அருள்பாண்டி, கையத் தூக்குங்க" என்று காதருகே கத்துவார். தூக்கித் தொலையுங்களேன் என்று நான் கால்மாட்டில் நின்று மனதுக்குள் கெஞ்சுவேன். ஒருநாள் தூக்கினார். அன்று நான் அழுத அழுகையில் நர்ஸம்மா என்னை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார்.

பேச்சு வந்த பிறகு பார்த்தால், சொந்தப் பெயர் தெரிகிறது. ஊர் ஆமத்தூர் என்கிறார். அவருடைய அம்மா செத்ததுகூடத் தெரிகிறது. என்னைத்தான் காணோம்.

"நினைவு துண்டு துண்டாத்தான் திரும்பும். வெள்ளிக்கிழமை கேள்வி கேட்டுப் பார்ப்பேன். நீங்க எதையும் சொல்லிக் கொடுக்காதீங்க. அவரா சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

தலையை ஆட்டினேன். அவர் அந்தப் பக்கம் போனதும் ஆரம்பித்துவிட்டேன். பொறுக்க முடியவில்லை, என்ன செய்ய? கஞ்சி ஊட்டும்போதும் முகம் துடைக்கும்போதும், "நான் மாரிசெல்வி, ஒங்க பொண்டாட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரு தடவை வந்துவிட்டால் போதும், அந்த 'ஏ புள்ள'யும் பின்னாலேயே வந்துவிடும் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இது என்ன இடம்?"

"ஆஸ்பத்திரி."

"இப்ப என்ன மாசம்?"

கொஞ்சம் யோசித்து, "சீசன்" என்றார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த ஊருக்கு அது சரிதான்" என்றபடி என்னைக் காட்டினார். "இவங்க யாரு?"

என் முகத்தையே பார்த்தார்.

"மாரிசெல்வி. எம் பொண்டாட்டி."

பாலம்மாள் அக்கா கைதட்டினாள். "ரொம்ப நல்ல முன்னேற்றம்மா" என்றார் டாக்டரம்மா. சொல்லிக் கொடுத்தவளே நான்தான் என்பது அடியோடு மறந்துபோனது. என் புருசன் என்னைக் கண்டுகொண்டார் என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

கையை மெதுவாக உருவிக்கொண்டார். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகரும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"சரியாச் சொல்லிட்டேனாக்கா?"

"சரியாச் சொன்னீக" என்றேன்.

நிம்மதியாகச் சிரித்தார். பிறகு, நான் நின்றுகொண்டே இருப்பது பொறுக்காமல், பஸ்ஸில் யாரோ ஒரு பொம்பளைக்கு இடம் விடுவதுபோலக் காலை மடக்கிச் சுவரோரம் ஒதுங்கி, "உக்காருங்க" என்றார்.

உட்கார்ந்தேன். அவர் படுத்திருந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.