சுவருக்கு மேலே போன புகை

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றையறைக் காம்பராக்களுக்கு நடுவே சுவர் உண்டு, ஆனால் அது கூரைவரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் ஜீவராணியின் இருபது நாள் குழந்தை அழுதால் என் தூக்கம் போச்சு. "இது தொண்டையா, பாக்டரிச் சங்கா?" என்று நான் அலுத்துக்கொள்ளாத நாளில்லை.

மண்ணெண்ணெய்க்கு ஊரே வரிசையில் நின்ற அந்த வருஷம்தான் என் புருஷன் சோலைமலைக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. நிலக்கரியை மூடிய டின்னில் போட்டுக் காய்ச்சினால் எண்ணெய் வடியும் என்று போனில் பார்த்தாராம். வட்டகொடை ரயில் பாதையோரம், கரி எஞ்சின் ஓடிய காலத்தில் சிந்திக் கிடந்ததை ஒரு சாக்கு பொறுக்கி வந்தார்.

அன்று பகல் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட வந்தேன். மனுஷன் பெருமையாக வாசலில் உட்கார்ந்திருந்தார். கதவு இடுக்கிலெல்லாம் சாக்குத் திணித்திருந்தது.

"உள்ள எண்ணெய் வடியுது லெட்சுமி. வாடை வந்தா கங்காணி வந்துருவாரு, அதான் அடைச்சு வச்சிருக்கேன்."

"எல்லாத்தையும் அடைச்சா பொகை எங்கங்க போகும்?"

அவர் முகம் செத்துப்போனது. இருவரும் மேலே பார்த்தோம். ஜீவராணி காம்பராவின் தகரக் கூரை இடுக்கில் மஞ்சள் புகை கசிந்துகொண்டிருந்தது. பச்சை உடம்புக்குப் பனி ஆகாதென்று அவளும் கதவைத் தாழ் போட்டு, சந்து பொந்தெல்லாம் துணி அடைத்திருந்தாள். குழந்தை அழவில்லை.

"ஜீவராணி!" என்று கத்தினேன். கதவைத் தட்டினேன், திறக்கவில்லை. அவர் தோளால் இடித்த மூன்றாவது இடியில் தாழ் பெயர்ந்தது. பாயில் தாயும் பிள்ளையும் கிடந்தார்கள். அவர் அவளை இழுத்தார், நான் குழந்தையை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். அதன் தலை தொங்கியது. சாமி, இனி இது அழுதால் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன் என்று வேண்டிக்கொண்டே உள்ளங்காலைத் தட்டினேன், முகத்தில் ஊதினேன். வாந்தி எடுத்து எழுந்த ஜீவராணி, "எம் புள்ள எங்க?" என்றாள். நான் உள்ளங்காலை இன்னும் ஓங்கித் தட்டினேன்.

பிறகுதான் அது இருமியது. இருமி, வீறிட்டது.

கொழுந்து லொறியில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். டின்னில் வடிந்திருந்தது அரைப் போத்தல் கறுப்பு எண்ணெய். சோலைமலை அதைப் பார்க்கக்கூட இல்லை.

இப்போது குழந்தை அழுதால் எனக்கு நிம்மதி. நிறுத்தினால்தான் பயம். உடனே பெட்டிமேல் ஏறிச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்ப்பேன். நேற்று அப்படிப் பார்த்தபோது, ஜீவராணி பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு வருதுக்கா," என்றாள்.