ஏழாவது தடவை கேட்டால்

நல்லேப்பிள்ளிக்கு வந்து குடியேறும் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்னைவிட நல்ல வழிகாட்டி கிடைக்க மாட்டார். வில்லேஜ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கையில் இருக்கும் நேரம் இறைக்க இறைக்க ஊறிக்கொண்டே இருக்கிறது. ஒரே குறை, இதுவரை வந்து குடியேறிய வெளிநாட்டுக்காரன் ஒரே ஒருவன்தான்.

பெயர் லார்ஸ். டென்மார்க்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை அளக்க வந்தவன். காற்றாலை வைக்கப்போகிறவர்கள் அவனை மொய்தீன் ராவுத்தரின் மளிகைக் கடைக்கு மேலிருந்த அறையில் குடிவைத்தார்கள். பனைமரத்தில் பாதி உயரம் இருப்பான். அறைக்குள் நுழைய இரண்டாக மடிய வேண்டும். பார்த்த அன்றே அவனை நான் தத்தெடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர்த் தமிழில் தொடங்கி, இந்த ஊர் வெயிலையும் வாழ்க்கையையும் சமாளிக்க என்னென்ன தெரிய வேண்டுமோ அத்தனையும் சொல்லிக்கொடுத்தேன். சித்திரை மாதத்தில் அடுப்பே வேண்டாம், மொட்டைமாடித் தொட்டிக்குள் முட்டையைப் போட்டால் குளித்து முடிப்பதற்குள் வெந்துவிடும் என்றேன். சிரித்தான். தென்னை மரத்தடியில் நிற்காதே, தேங்காய் உள்ளூர்க்காரனை விட்டுவிட்டுப் புதியவன் தலையாகப் பார்த்து விழும் என்றேன். சிரித்தான். ஆடிக் காற்று என் அத்தையைக் குடையோடு தூக்கிக் தமிழ்நாட்டு எல்லையிலிருக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கியது, பஸ் டிக்கெட் மிச்சம் என்றேன். அத்தையின் எடை என்ன என்று கேட்டுவிட்டுச் சிரித்தான்.

ஒன்றுக்கு மட்டும் சிரிக்கவில்லை. அது அவனே கேட்டது. எந்த வீட்டுக்குப் போனாலும் சாப்பிடச் சொல்கிறார்களே, உடனே சரி என்று உட்கார்ந்துவிடலாமா என்றான்.

நல்ல கேள்வி. முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, வீட்டுக்காரர் விட மாட்டார், மறுபடி கேட்பார், அப்போது உட்கார்ந்துகொள் என்று சொல்லியிருக்க வேண்டும். உள்ளது அவ்வளவுதான். ஆனால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அத்தனை பயபக்தியோடு அவன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் நாக்கில் சனி ஏறி உட்கார்ந்தது.

“ஏழு தடவை,” என்றேன். “ஆறு தடவையும் வேண்டாங்கன்னு சொல்லிப்போடோணும். ஏழாவது தடவைதான் உக்காரோணும். அதுக்கு முந்தி உக்காந்தா, பஞ்சத்துல அடிபட்டவன்னு நெனச்சுக்குவாங்க.”

அடுத்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தான். என் மனைவி சுப்பாத்தாள் பணியாரம் சுட்டு, தேங்காய்ச் சட்டினியோடு கொண்டுவந்து வைத்தாள். வேண்டாங்க என்றான். இரண்டு எடுத்துக்குங்க தம்பி என்றாள். வேண்டாங்க. ஒண்ணாவது? வேண்டாங்க. அவன் கண் தட்டை விட்டு நகரவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. நான் பேப்பருக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவையோடு சுப்பாத்தாள் தட்டை உள்ளே கொண்டுபோய்விட்டாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு வீடு பார்க்கட்டும், பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கோகுல்நாத் வீடு, பிரதீப் கல்யாணப் பந்தி என்று ஒரு வீடு பல வீடுகளாயிற்று. லார்ஸின் பெல்ட்டில் புதுசாக ஓட்டை விழுந்தது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று ஊரே பரிதாபப்பட்டது. நானும் சேர்ந்து பரிதாபப்பட்டேன்.

நோன்பு மாதத்தில் ஒரு சாயங்காலம் வெல்லம் வாங்க ராவுத்தர் கடைக்குப் போனேன். கடைக்குப் பின்கட்டுதான் அவர்கள் வீடு. ராவுத்தரின் மனைவி ஐசும்மா வாசலில் நின்றிருந்தாள். எப்போதும் கேலியோடு வரவேற்பவள், அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

“அண்ணா, உங்க சிநேகிதருக்கு வேற ஊடு பாத்துக் குடுங்க.”

“ஏந்தங்கச்சி?”

“பெருநாள் கழிஞ்சா எங்களுக்கு ரூம்பு வேணும்.”

“ரூம்பு என்னத்துக்கு? மொளகா காயப்போடவா?” என்றார் மொய்தீன் தராசைப் பார்த்தபடியே. “உள்ளதைச் சொல்லு ஐசு.”

அவள் சொன்னாள். “நேத்து நோன்பு தொறக்கற நேரத்துக்கு அவரையும் கீழ கூப்புட்டோம். பேரீச்சம்பழத்தைக் கையில எடுத்து நீட்டறேன், வேண்டாங்கறாரு. கஞ்சி ஊத்தட்டுமாங்கறேன், வேண்டாங்கறாரு. எம்மவ ரிஸ்வானா கேட்டா, இவரு கேட்டாரு. அத்தனைக்கும் சிரிச்சுட்டே வேண்டாங்கறாரு. நம்மூட்டுப் பழம் ஒண்ணு ஆகாதவருக்கு, நம்மூட்டுக் கூரை மட்டும் எப்படீங்கண்ணா ஆகும்?”

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அந்த நிமிஷத்திலும் எனக்கு உண்மை வாயில் வரவில்லை. குறுக்குவழிதான் வந்தது.

“இன்னைக்கும் கூப்புடுங்க தங்கச்சி. ஒரு ஏழு தடவை கேட்டுப் பாருங்க.”

“ஏழா?” மொய்தீன் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்தார். என் புளுகைக் கேட்டே நரைத்தவர் அவர். “ஏனுங்க நல்லமுத்து, இதுல உங்க கைவரிசை ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“சேச்சே, இல்லீங்க ராவுத்தரே. டென்மார்க்குல அதான் பழக்கமாம். அவங்க ராசாவையே ஏழு தடவை கூப்புட்டாத்தான் சாப்பாட்டுக்கு எந்திரிப்பாராம்.”

“இல்லீங்களே,” என்று மாடிப்படியிலிருந்து ஒரு குரல் வந்தது.

லார்ஸ் பாதிப் படியில் நின்றிருந்தான், தலை தட்டாமல் குனிந்தபடி. “டென்மார்க்குல ஒரு தடவைதானுங்க கேப்பாங்க. ஏழு உங்க ஊருப் பழக்கமுங்க. அண்ணன்தான் சொல்லிக் குடுத்தாருங்க.”

மொய்தீன் என்னைப் பார்த்தார். ஐசும்மா பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து ரிஸ்வானா பார்த்தாள். வெல்லப் பொட்டலத்தை எந்தக் கையில் வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

“அது… சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதுங்க,” என்றேன்.

“ஏழு இல்லீங்களா?” என்றான் லார்ஸ். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் மெதுவாக யோசித்து, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். “அப்ப சுப்பாத்தாக்கா பணியாரம்… கோகுல்நாத் அவுங்கம்மா செஞ்ச பாயசம்… பிரதீப் கல்யாணத்துல எலை போட்டு வெச்சிருந்தாங்க, நான் நின்னுட்டே இருந்தனுங்க…” சொல்லச் சொல்ல அவன் முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்தது. வெட்கப்பட வேண்டியவன் நான். என் பங்கையும் சேர்த்து அவன் பட்டுக்கொண்டிருந்தான். ஐசும்மா பக்கம் திரும்பி இரண்டு கையையும் கூப்பினான்.

“மன்னிச்சுக்கோங்கக்கா. நேத்து எனக்கு ரொம்பப் பசிங்க.”

ஐசும்மா வாயைப் பொத்திக்கொண்டாள். “அட ரப்பே! வயித்தைக் காயப்போட்டுட்டா நின்னீங்க? ரூம்பும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், மொளகா மொட்டமாடியிலேயே காயட்டும். ரிஸ்வானா, பெரிய கோப்பையா எடு!”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். நோன்பு திறந்தார்கள். லார்ஸின் கையில் யாரும் எதுவும் கேட்காமலே பேரீச்சம்பழம் வந்தது, கஞ்சி வந்தது, வடை வந்தது, மறுபடியும் கஞ்சி வந்தது. அவன் சாப்பிட்டதைப் பார்த்தால் டென்மார்க்கில் அறுவடையே நின்றுபோயிருக்க வேண்டும். புதினாவும் இஞ்சியும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மணம் எனக்குள் எங்கேயோ போய்க் கிள்ளியது.

ஐசும்மா கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணா, உங்களுக்குக் கஞ்சி?”

“வேண்டாந்தங்கச்சி.” பழக்கம், தானாக வந்துவிட்டது.

“சரிங்கண்ணா,” என்று அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள்.

லார்ஸ் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினான். “அண்ணா, கவலப்படாதீங்க. இன்னும் ஆறு இருக்குதுங்க.”

ரிஸ்வானாவுக்குப் புரையேறியது. மொய்தீன் தொடையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரிக்கத்தான் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் போயிற்று, முகம் இன்னொரு பக்கம் போயிற்று. காது இரண்டும் கொதித்தன.

ஐசும்மா இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. நான் எழுந்தபோது கஞ்சி ஊற்றிய ஒரு தூக்குப்போசியை நீட்டினாள்.

“சுப்பாத்தாக்காளுக்குங்க. உங்களுக்கில்லை. சூடா இருக்குது, பாத்துப் புடிங்க. பணியாரத்துக் கதையையும் அக்காகிட்டச் சொல்லிப்போடுங்க.”

வீட்டு வாசலில் சுப்பாத்தாள் பக்கத்து வீட்டு யோகப்பிரியாவோடு பேசிக்கொண்டு நின்றாள். தூக்குப்போசியைப் பார்த்ததும், “ராவுத்தரூட்டுக் கஞ்சியா? நீங்க குடிச்சீங்களா?” என்றாள்.

“இல்ல. உள்ள வா, ஒண்ணு சொல்லோணும்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். யோகப்பிரியாவும் பார்த்தாள்.

“இங்கயே சொல்லுங்க,” என்றாள் சுப்பாத்தாள்.