செம்புக்காக எரித்த புகை

தாராவியில் விடிந்ததும் நாகூர் கனியின் பட்டறையில் டிரம் எரிய ஆரம்பித்துவிடும். பழைய ஒயர்களைப் போட்டுக் கொளுத்தினால் மேலே உள்ள பிளாஸ்டிக் கருகிப்போய்ச் செம்புக் கம்பி மிஞ்சும். புகையைப் பார்த்து முனிசிபாலிட்டிக்காரன் வந்துவிடக் கூடாதென்று வாசலில் ஈரச்சாக்கு கட்டிவிடுவார். எரிகிற தீயை வீணாக்குவானேன் என்று அவர் மனைவி ரஷீதா அதன்மேலேயே குளிக்க வெந்நீர் வைப்பாள். பல வருஷமாக இதுதான் நடப்பு.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இருமலோடு ரத்தம் வந்தது. நுரையீரலில் புற்றுக்கட்டி.

செம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆனி தமிழிலேயே விளக்கினார். "கட்டி வளர ரத்தம் வேணும் பாய். 'இங்க ஒரு கிளை விடு'ன்னு பக்கத்து ரத்தக்குழாய்க்கு அது சேதி அனுப்பும்."

"மெயின் பைப்புல திருட்டு லைன் இழுக்காங்களே, அது மாதிரியா டாக்டரம்மா?"

"அதேதான். அந்தச் சேதியை அடக்கத்தான் இவங்களுக்குப் போடப்போற இந்த ஊசி. ஆனா பிளாஸ்டிக் எரிஞ்சு வர்ற சில விஷங்க, புற்றுநோய் செல்லுல அதே சேதியை உசுப்பிவிடலாம்னு ஆராய்ச்சி சொல்லுது. இவங்க நோய் அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. ஆனா இனிமே அந்தப் புகை ஆகவே ஆகாது."

ரஷீதா சிரித்தாள். "இவுஹ ஒரு பொட்டுப் புகையை வெளிய விடல டாக்டர். அம்புட்டையும் எனக்கே தந்துட்டாஹ."

டாக்டர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, தங்கை மகன் யாசர் டிரம்மில் ஒயரை நிரப்பிக்கொண்டிருந்தான். "க்யா மாமு, இதுக்குப்போயி மூஞ்சியத் தொங்கப்போடுறீங்க? மாமியை நெருள்ல எங்கம்மாகிட்ட விட்டுருவோம். பொழப்பை பந்த் பண்ண முடியுமா?"

அதுவும் சரிதானே என்று நாகூர் கனிக்கு ஒரு கணம் தோன்றியது. வெளியே எட்டிப் பார்த்தார். பக்கத்து வாசலில் முருகம்மாள் பேத்தியை மடியில் போட்டுத் தலைவாரிக்கொண்டிருந்தாள்.

"உங்க மாமியை அனுப்பிரலாம். முருகம்மாளையும் அந்தப் புள்ளையையும் எங்கலே அனுப்புவ?"

நாகூர் கனி ஒயரை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார்.

"கத்தி வச்சு உரிப்போம். காசு கம்மியாத்தான் ஆகும், ஆகட்டும். புகையை மறைச்சிட்டா தப்பிச்சோம்னு நெனச்சேன்ல. மறைச்ச புகை எங்கயும் போவாது. யாரு நெஞ்சுக்குள்ளயாவது போய்த்தான் உக்காரும்."

உள்ளேயிருந்து இருமல். அது அடங்கிய பிறகு ரஷீதாவின் குரல் கேட்டது.

"இந்தப் புத்தி நாம நல்லாருக்கும்போதே வந்திருக்கணும்ங்க."